பொறியியல் மாணவருக்கு ஒத்துணர்வு: தனிப்பாடமா, ப்ராஜெக்ட்டா?

துறைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எடுத்ததும் ஒருவர், "நல்ல விஷயம்தான், ஆனா சிலபஸ்ல இடம் எங்க இருக்கு?" என்பார். இன்னொருவர், "இதெல்லாம் வளர்ப்புல வர்றது சார், நாம சொல்லிக்கொடுத்து வராது" என்பார். நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாமவர், "ஒரு விருப்பப்பாடம் போட்டுடலாமே" என்று முடித்துவைப்பார். முதல் இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாவது யோசனைதான் பெரும்பாலும் தீர்மானமாகிறது, அதுதான் இருப்பதிலேயே பலவீனமானது என்பது என் எண்ணம். அடுத்த செமஸ்டருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கிற ஆசிரியர்களுக்காக, இருக்கிற வழிகளை எடுத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். எம்பதி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரக்கம், அனுதாபம், பரிவு என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். இரக்கப்படுகிறவர் கொஞ்சம் மேலே நின்றுதான் இரக்கப்படுகிறார். ஒத்துணர்வு என்பது பக்கத்தில் உட்காருவது. பொறியியலுக்கு வேண்டியது அதிலும் ஒரு சின்ன பகுதிதான்: நான் செய்கிற பொருள் இன்னொருவருடைய அன்றாடத்துக்குள் போய் என்னவாகும் என்று தெரிந்துகொள்வது. தெரியாவிட்டால், தனக்குத் தெரியவில்லை என்பதாவது தெரிவது. மாணவர் கண்கலங்க வேண்டியதில்லை. கலங்கினால் தப்பில்லை, அதற்கு மார்க் கிடையாது, அவ்வளவுதான்.

"வளர்ப்பில் வருவது" என்பவர்களுக்கு ஒரு பதில். எரின் செக் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் 4 கல்லூரிகளில் பொறியியல் மாணவர்களைப் படிப்பு நெடுகத் தொடர்ந்து, 2014-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பொதுநலன் மீதான அக்கறை, தொழில்நுட்பத்தின் விளைவுகளைப் புரிந்துகொள்வது, மக்கள் இயந்திரங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிவது ஆகியவற்றுக்கு மாணவர்கள் தரும் முக்கியத்துவம், படிப்பு முன்னேற முன்னேறக் குறைந்துகொண்டே போனது. அதாவது வீட்டிலிருந்து கொண்டுவந்ததை நாம் வகுப்பில் தேய்க்கிறோம். தேய்க்க முடிகிற இடத்தில் வளர்க்கவும் கொஞ்சம் முடியும் என்று நம்பித்தான் மேலே போகிறேன்.

தனிப்பாடம்

இதை ஓரிரு பத்தியில் முடித்துவிடலாம். நடத்துவது சுலபம். டைம்டேபிளில் ஒரு கட்டம், ஒரு ஆசிரியர், ஒரு கிரெடிட். அங்கீகாரக் குழு வந்தால் காட்ட ஒரு கோப்பு. கெடுதல் என்னவென்றால், தனியாக வைத்த உடனே அது வேறு யாருடைய வேலையோ என்று மாணவர் புரிந்துகொள்கிறார். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஆசிரியர் அதைப் பற்றி வாயே திறக்காதபோது, செவ்வாய்க்கிழமை கடைசி மணி நேரத்தில் மட்டும் பேசப்படுகிற ஒன்றை எந்த மாணவர் பெரிதாக எடுத்துக்கொள்வார்? கடைசியில் 'ஒத்துணர்வின் கூறுகளை விளக்குக' என்று ஒரு 8 மார்க் கேள்வி. நன்றாக மனப்பாடம் செய்தவருக்கு 7.

அளப்பதிலும் இதே சிக்கல். மார்க் டேவிஸ் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஒரு வினாத்தாள் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. 28 வாக்கியங்கள், அவை தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று அவரவரே குறித்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சிக்கு அது பயன்படும். பாடம் முடிந்த கையோடு மாணவரிடம் நீட்டினால், ஆசிரியருக்கு என்ன பதில் வேண்டும் என்பது யாருக்கும் புரிந்துவிடும். (அதைப் புரிந்துகொள்வதும் ஒருவகை ஒத்துணர்வுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.)

விபத்துகளைப் படிப்பது

இது நான் நம்புகிற வழி, ஒரு நிபந்தனையோடு. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தின் கதை மென்பொருள் படித்தவர்கள் பலருக்குத் தெரியும். 1985-க்கும் 1987-க்கும் இடையில் 6 நோயாளிகளுக்குத் தேவையைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் அதனால் இறந்தார்கள். பழைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் விட்டிருந்தார்கள். வகுப்பில் இது வழக்கமாக எப்படி நடத்தப்படுகிறது? ரேஸ் கண்டிஷன் (இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தப்போய் வரும் மென்பொருள் பிழை) என்று பலகையில் எழுதி, இரண்டு டாஸ்க் வரைந்து, அம்புக்குறி போட்டு, அடுத்த ஸ்லைடு.

அதே கதையை ஆபரேட்டரின் நாற்காலியிலிருந்து நடத்திப் பாருங்கள். டெக்சாஸில் 1986 மார்ச் மாதம். ஆபரேட்டர் எலக்ட்ரான் சிகிச்சைக்குப் பதிலாக எக்ஸ்-ரே என்று தட்டிவிட்டார், உடனே கவனித்து வேகமாகத் திருத்தினார். திரையில் 'மால்ஃபங்ஷன் 54'. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு உதவும்படியாக எங்கும் எழுதியிருக்கவில்லை. டோஸ் குறைவாகவே போயிருக்கிறது என்று திரை காட்டியது. இந்த இயந்திரம் இப்படி அடிக்கடி நின்று நின்று ஓடுவது அவருக்குப் பழகிப்போன விஷயம். தொடர்வதற்கு 'பி' விசை. அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவர் முதல் அடியிலேயே துடித்து எழ முயன்றுகொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து அந்த அறையின் கேமரா திரை இணைக்கப்படவில்லை, பேசும் கருவியும் வேலை செய்யவில்லை. இரண்டாவது முறை பாய்ந்த பிறகு அவர் கதவைத் தட்டிய சத்தம்தான் வெளியே கேட்டது.

இந்த இடத்தில் நிறுத்தி, "நீங்களாக இருந்தால் பி-யை அழுத்தியிருப்பீர்களா?" என்று கேட்கலாம். முதலில் எல்லோரும் 'இல்லை' என்பார்கள். அப்புறம், "நேற்று உங்கள் லேப்டாப்பில் வந்த எச்சரிக்கைப் பெட்டியில் ஓகே அழுத்தினீர்களே, அதில் என்ன எழுதியிருந்தது?" என்று கேளுங்கள். அந்த மௌனம் நான் எடுத்த எந்த விரிவுரையையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆபரேட்டர் கவனக்குறைவானவர் அல்ல, அந்த இயந்திரமே அவரை அப்படிப் பழக்கியிருந்தது என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

இதே கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது, பலர் அதைத் தொடுவதில்லை. விவரங்களை உள்ளிட நிறைய நேரம் பிடிக்கிறது என்று ஆபரேட்டர்கள் முன்பே குறை சொல்லியிருந்தார்கள். நிறுவனம் அதைக் காதில் வாங்கி, ரிட்டர்ன் விசையைத் தட்டியே பழைய மதிப்புகளை ஏற்றுக்கொள்ளலாம் என்று எளிமையாக்கியது. பயனரைக் கேட்டுத்தான் செய்தார்கள்! வேகமாகத் தட்டவும் திருத்தவும் முடிந்ததால் ஒளிந்திருந்த பிழை வெளியே வந்தது. ஆக, ஒத்துணர்வு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று சொல்கிறவர்களுக்கும் இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை. கேட்டதைச் செய்த பிறகு, செய்ததால் வேறென்ன மாறியது என்று பார்க்கிற வேலை பாக்கி இருக்கிறது, அது முழுக்கப் பொறியியல்.

நிபந்தனை இதுதான்: விபத்துக் கதையை அந்தந்தப் பாட ஆசிரியரே தன் வகுப்பில் நடத்த வேண்டும். குறையும் உண்டு. கதையில் வருகிறவர் பதில் பேசமாட்டார். மாணவர் அவரைப் பற்றி என்ன ஊகித்தாலும் "அப்படி இல்லப்பா" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

கண்ணைக் கட்டி நடப்பது

இது இப்போது நன்றாக ஓடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு வளாகத்தில் அரை மணி நேரம் நடப்பது, சக்கர நாற்காலியில் ஒரு சுற்று, முதுமையை உணர்த்த எடை வைத்த உடை. புகைப்படமும் நன்றாக வரும். நான் இதற்கு எதிரான கட்சி.

ஆரியேல் சில்வர்மனும் உடன் ஆய்வாளர்களும் சில ஆண்டுகளுக்கு முன் இதைச் சோதித்தார்கள். சில்வர்மன் பார்வையற்றவர். கண்ணைக் கட்டிப் பழகிப் பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. அரை மணி நேரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது பார்வையை இழந்த முதல் நிமிடங்களின் தடுமாற்றம். பல ஆண்டுகளாகக் கோலோடு நடந்து, சத்தத்தை வைத்து அறையை அளந்து, திரைவாசிப்பானை (திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) காதுக்குப் பழக்கமில்லாதவருக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டு வேலை செய்கிறவரின் அனுபவம் அதில் துளியும் கிடையாது. மாணவர் பயந்துபோய்க் கட்டை அவிழ்க்கிறார், "ஐயோ பாவம்" என்கிறார். நாம் ஒழிக்க நினைத்தது அந்த 'ஐயோ பாவ'த்தைத்தான்.

பட்ரீஷியா மூர் என்ற வடிவமைப்பாளரின் பெயரை இதற்கு ஆதரவாகச் சொல்வார்கள். 26 வயதில் 80 வயதைத் தாண்டிய மூதாட்டி போல வேடமிட்டு, 1979 முதல் 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நடமாடியவர். சரிதான். ஆனால் அவர் மூன்று ஆண்டு செய்தார். மனிதர்கள் தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதையும் அனுபவித்தார். அரை மணி நேர விளையாட்டுக்கு அவரைச் சாட்சியாகக் கூப்பிடுவது நியாயமில்லை.

ஒரே ஒரு இடத்தில் இதை ஒத்துக்கொள்வேன்: சோதிப்பது மனிதரை அல்ல, தான் செய்த பொருளை என்றால். தடித்த கையுறை போட்டுக்கொண்டு உன் சாதனத்தின் பேட்டரி மூடியைத் திற. திரையை அணைத்துவிட்டு உன் செயலியில் ஒரு படிவத்தை நிரப்பு. அங்கே தோற்பது மாணவரின் வடிவமைப்பு.

கேட்கப் பழக்குவது

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆசிரியர்களும் சமூகப்பணித் துறை ஆசிரியர்களும் சேர்ந்து ஒத்துணர்வுப் பயிற்சிகளை வடிவமைத்தார்கள். ஜோக்கிம் வால்தரும் குழுவினரும் 2017-இல் அதற்கான மாதிரியை வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த அம்சம், கணக்குப் போடும் மனநிலைக்கும் காதுகொடுக்கும் மனநிலைக்கும் இடையே மாறிக்கொள்வதை ஒரு தனித்திறனாக எடுத்துக்கொண்டது. நம் மாணவர்கள் பலருக்கு மனது இல்லாமல் இல்லை. கியர் மாற்றத் தெரிவதில்லை. எதிரில் இருப்பவர் பாதி வாக்கியம் சொல்லும்போதே இவர் மனதில் சென்சார் தேர்வு தொடங்கிவிடுகிறது.

கேட்பதற்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், கற்பனை செய்வது உதவாது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஏயல், ஸ்டெஃபெல், எப்லி ஆகிய மூவர் 2018-இல் 25 சோதனைகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். 'அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்' என்று சொல்லப்பட்டவர்கள், அடுத்தவர் மனதை மற்றவர்களைவிடச் சரியாக ஊகிக்கவில்லை. சில சமயம் நம்பிக்கை மட்டும் கூடியது. பேசிக் கேட்டவர்கள்தான் சரியாகச் சொன்னார்கள். 'பயனரின் இடத்தில் நின்று யோசி' என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்திருக்கிறோம், நானும்தான். இப்போது அதை விட்டுவிட்டேன். 'போய்க் கேள்' என்கிறேன்.

தனியாக எடுத்தால் இந்த வழியின் பலவீனம், மாணவர்கள் ஒருவரை ஒருவர் பேட்டி கண்டு பழகுவதோடு நின்றுவிடுவது. ஒரே வயது, ஒரே கேன்டீன், ஒரே கவலை. அதனால் வெளியே ஒருவரைச் சந்திக்கப் போவதற்கு முன்தயாரிப்பாக இரண்டு வகுப்பு போதும்.

சேவை ப்ராஜெக்ட்

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய எபிக்ஸ் திட்டம் இதில் முன்னோடி. உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து அவர்களுக்குத் தேவையானதைச் செய்து கொடுப்பது. முதலாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை ஒரே குழுவில். ப்ராஜெக்ட் ஒரு செமஸ்டரோடு முடியாது, ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆட்கள் மாறினாலும் உறவு தொடரும். முழுமையாகச் செய்ய முடிந்தால் இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அதன் உயிர் அந்த ஆண்டுக்கணக்கில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால், 15 வாரத்தில் ஒரு சாதனத்தை ஒப்படைத்து, போட்டோ எடுத்து, அடுத்த மாதமே அது பழுதாகி மூலையில் கிடக்கும். கொடுத்தவர்களுக்கு நல்ல மனது, வாங்கியவர்களுக்கு ஒரு குப்பை கூடுதல்.

நல்ல மனதின் எல்லைக்கு உலகறிந்த உதாரணம் ப்ளேபம்ப். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாட, நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்டவுடன் யாருக்கும் பிடிக்கும். 2006-இல் இதற்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். குழந்தைகள் சலித்துப்போய் விலகியதும், பெண்கள் அந்த ராட்டினத்தைக் குனிந்து கையால் சுற்ற வேண்டிவந்தது. சொன்ன இலக்கை எட்ட ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-இல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. தண்ணீர் எடுக்கிற பெண்ணிடம் முன்பே ஒரு கேள்வி, ஒரு தாளில் பெருக்கல் கணக்கு. இரண்டும் பொறியியல் மாணவர் செய்யக்கூடியதுதான்.

நான் தேர்ந்தெடுப்பது

ஏற்கெனவே சிலபஸில் இருக்கிற ஒரு ப்ராஜெக்ட் அல்லது லேப் பாடத்தை எடுத்துக்கொள்வது. ஒரு குழுவுக்கு ஒரே ஒரு மனிதர். அவரை ஒரு செமஸ்டரில் குறைந்தது மூன்று முறை பார்ப்பது. இவ்வளவுதான். புதுப் பாடம், புது கிரெடிட் எதுவும் வேண்டாம். மூன்று முறை என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். காரணம், நான் வழிகாட்டிய ஒரு குழுவுக்கு நடந்தது.

நான்கு பேர். மாத்திரை நினைவூட்டும் பெட்டி செய்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பயனர். முதல் சந்திப்பில், "மாத்திரை எடுத்துக்க மறந்துடுதா, ஐயா?" என்று கேட்டார்கள். "ஆமாம் தம்பி, வயசாச்சுல்ல, மத்தியான மாத்திரை மறந்துபோகுது" என்றார். குறித்துக்கொண்டார்கள். நான்கு அறை, எல்.சி.டி. திரை, பஸ்ஸர், நேரமாகியும் அறையைத் திறக்காவிட்டால் சத்தம் கூடிக்கொண்டே போகும். வேலை நேர்த்தியாக இருந்தது. இரண்டாம் முறை போனபோது பெட்டி மேசையில் இருந்தது, ப்ளக் பிடுங்கியிருந்தது. சத்தம் தொந்தரவு போல என்று நினைத்து, வால்யூம் குறைக்கும் வசதி சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மூன்றாம் முறையும் ப்ளக் பிடுங்கித்தான் இருந்தது. குழுவில் இருந்த ஒரு பெண் அன்றைக்குப் பெட்டியைப் பற்றிக் கேட்கவேயில்லை. "மத்தியானத்துல என்ன பண்ணுவீங்க, ஐயா?" என்று கேட்டாள். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் பஸ்ஸில் போவாராம், போய்வர ஒன்றரை மணி நேரம். "அந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒதுங்கணும்மா. பஸ்ஸுல எங்க போறது?" அவர் எதையும் மறக்கவில்லை. தெரிந்தேதான் தவிர்த்தார். முன்பின் தெரியாத நான்கு பிள்ளைகளிடம் அதைச் சொல்வதைவிட 'வயசாச்சு' என்பது சுலபமாக இருந்திருக்கிறது.

முதல் சந்திப்பில் கிடைப்பது மரியாதைக்குச் சொல்கிற பதில். யாரும் பொய் சொல்லவில்லை, உபசாரம் செய்கிறார்கள். செய்த பொருளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், அது பயன்படாமல் கிடப்பதைப் பார்த்து, அசட்டுத்தனமாக நின்ற பிறகுதான் பேச்சு நிஜமாகிறது. அந்த அசட்டுத்தனத்தைத்தான் பாடத்திட்டத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். அந்தக் குழு கடைசியில் மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கும்படி அவரிடம் சொன்னது, தாங்களாக எதையும் மாற்றவில்லை. பெட்டியில் ஒரு பட்டன் சேர்த்தார்கள்: 'இப்போ வேண்டாம்'. அழுத்தினால் சத்தம் நிற்கும், நேரம் பதிவாகும், அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம். சர்க்யூட்டில் பெரிய மாற்றமில்லை. பிரச்சினை எது என்பதே மாறியிருந்தது.

மார்க் போடுவது எப்படி என்று கேட்பீர்கள். நான் உணர்ச்சிக்கு மார்க் போடுவதில்லை. குழு ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும், பக்கத்துக்கு மூன்று பத்தி: போகும் முன் என்ன நினைத்தோம், அங்கே என்ன பார்த்தோம், வடிவமைப்பில் எதை மாற்றினோம். கடைசிப் பத்தி மூன்று முறையும் காலியாக இருந்தால் ஏதோ கோளாறு. இன்டர்னல் 40-இல் 15 இதற்கு. எங்கள் ஊகம் முதலிலேயே சரியாகிவிட்டது என்று எழுதுகிற குழுவை வைவாவில் கொஞ்சம் அதிக நேரம் உட்காரவைப்பேன்.

இதிலும் இடைஞ்சல் இல்லாமல் இல்லை. 60 மாணவர் என்றால் 15 குழு, 15 மனிதர்கள். கண்டுபிடிப்பதும், அவர்கள் சம்மதம் வாங்குவதும், தேதி பிடிப்பதும் ஆசிரியர் தலையில்தான். அவர்களுடைய நேரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், குறைந்தபட்சம் பயணச் செலவாவது. மாணவரின் பாடத்துக்காக ஒருவர் இலவசமாகத் தன் குறைகளைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பாதியில் "போதும், இனி வராதீங்க" என்று அவர் சொன்னால் மாணவருக்கு மார்க் குறையக்கூடாது. மனிதர் என்றதும் முதியவர், மாற்றுத்திறனாளி என்று மட்டும் தேட வேண்டியதில்லை. கல்லூரிப் பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர், லேப் உதவியாளர், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர் எல்லோரும் தினமும் யாரோ வடிவமைத்த ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் போக அனுமதிக் கடிதமும் பஸ்ஸும் தேவையில்லை.

ஒரே வகுப்பில் 120 பேர், ஆசிரியர் ஒருவர், வெளியே அனுப்ப நிர்வாகம் சம்மதிக்காது என்றால் இதற்கு முயல வேண்டாம். அரைகுறையாகச் செய்தால் அத்தனை மனிதர்களின் நேரம்தான் வீண். அந்த நிலையில் விபத்துக் கதைகளுக்குப் போங்கள்: ஒரு செமஸ்டருக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம், அந்தந்தப் பாட ஆசிரியரே நடத்துவது. ஏற்கெனவே தனிப்பாடம் தீர்மானமாகிக் கோப்பில் கையெழுத்தும் ஆகிவிட்டது என்றால், அதன் மணி நேரங்களை அப்படியே ப்ராஜெக்ட் பாடத்தோடு ஒட்டிவைக்கக் கேளுங்கள், சந்திப்புக்குப் போய்வர அந்த நேரம் பயன்படும். கண்கட்டுத் துணிக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் மட்டும் ரத்து செய்துவிடுங்கள்.